மூடியைச் சுற்றி ஒரு சதுரம்

எங்கள் அண்ணி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்ததை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அண்ணி வேலை பார்க்கிற மழலையர் பள்ளிக்கு வீட்டுச் சாவி வாங்கப் போயிருந்தேன். பள்ளி விட்டு, கூட்டிப்போக ஆள் வராத நாலைந்து வாண்டுகள் மட்டும் தரையில் ஒரு மரப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் சதுரம், செவ்வகம், முக்கோணம் என்று தட்டை தட்டையாக வண்ணக் கட்டைகள். அண்ணி எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் முக்கோணத்தைக் கோணலாக வைத்துவிட்டு, அழாத குறையாக நிமிர்ந்து பார்க்கிறான். ஒரு விரலால் தள்ளிவிட்டால் போதும். அண்ணி தள்ளவில்லை.

“கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றதுக்கா அண்ணி உங்களுக்குச் சம்பளம்?” என்று கேட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஊரறிந்த விஷயம்.

“வெளிய விட்டா இது சும்மா இருக்காது. அதான் கட்டிப்போட்டிருக்கேன்,” என்றார் அண்ணி. பிறகு பையனிடம், “திருப்பிப் பாரேன். இது வேற என்னவா ஆகும்?” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியில் ஒரே ஒரு சதுரக் குழி பாக்கி. சதுரக் கட்டை எதுவும் மிச்சமில்லை. அந்தப் பையன் முக்கோணத்தைத் திருப்பினான், இன்னும் திருப்பினான், மூலையில் வைத்தான். குழியில் பாதி அடைபட்டது. மீதிப் பாதியை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! கையில் இருந்த இன்னொரு முக்கோணத்தை மெல்லக் கொண்டுவந்து வைத்தான். பெட்டியின் மூடி சறுக்கிக்கொண்டு வந்து டக்கென்று மூடியது. “ரெண்டு மூக்கு சேர்ந்து ஒரு கட்டம்!” என்று முக்கோணத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்துக் கத்தினான். மனிதகுலத்திலேயே அதை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான் என்கிற மாதிரி ஒரு முகம். எனக்குக் கையில் ரோமம் சிலிர்த்துக்கொண்டது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணி அப்போது அங்கே டீச்சர் கிடையாது. ஆயா. கூட்டுவது, துடைப்பது, மூக்குச் சளி சிந்திவிடுவது, ஈரமான கால்சட்டையை மாற்றிவிடுவது. கல்யாணத்துக்கு முன்னால் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி மடிக்கும் வேலை. நீட்டமாகக் கிடக்கிற அட்டையைப் பார்த்தே இது எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுவாராம். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் அடுக்கி, பாதி அலமாரியைக் காலியாக்கிக் காட்டினார். “பாதிப் பாத்திரத்தைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?” என்று நான்தான் வம்புக்கு இழுத்தேன். அன்று அண்ணி சிரித்த சிரிப்பிலிருந்து எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் சில அறைகள். படியில் எப்போதும் மருந்து வாசனை. தினமும் சாயந்தரம் அந்தக் கட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது ஆயா வேலை. ஒழுங்காகப் பொருந்தாவிட்டால் மூடி நகராது. தலைகீழாக நின்றாலும் நகராது. முதுகு வலிக்கிறதே என்று ஒருநாள் அண்ணி பிள்ளைகளையே அடுக்கச் சொல்லியிருக்கிறார். சோம்பேறித்தனத்தில் பிறந்த பாடம் அது, அண்ணியே ஒத்துக்கொள்வார். பிள்ளைகள் சண்டை போட்டார்கள், பிடுங்கினார்கள், அழுதார்கள், கடைசியில் மூடினார்கள். மறுநாள் விளையாட்டு மணி அடித்தபோது பாதிப் பேர் வெளியே போகாமல் பெட்டியைக் கேட்டு நின்றார்களாம். அண்ணி அதை ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அதுங்க தலைக்குள்ள என்ன நடக்குதுன்னே தெரியலை. நேத்து ஒரு கட்டையை வாயில வெச்சுக் கடிச்ச புள்ள, இன்னைக்கு ரெண்டு முக்கோணத்தைத் திருப்பி ஒட்டுது. நடுவுல யாரு வந்து சொல்லிக்குடுத்தா?” என்றார்.

சின்ன வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. பள்ளியை நடத்துகிற பெரிய டீச்சர் நாலு இடத்தில் ஆள் தேடிப் பார்த்துவிட்டு, “இந்தப் பருவம் வரைக்கும் நீங்க பார்த்துக்குங்க. அப்புறம் யோசிப்போம்,” என்று அண்ணியிடம் வகுப்பைக் கொடுத்தார். கூட்டிப் பெருக்குவதும் அண்ணிதான், பாடமும் அண்ணிதான். பிள்ளைகள் ‘ஆயா, ஆயா’ என்று காலைச் சுற்றின. ஆனால் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அதிலும் ஒரு அப்பா. கழுத்தில் அலுவலக அட்டை தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ. “எங்க பொண்ணுக்கு ஆயாவா பாடம் எடுக்குறாங்க? வீட்டுக்கு வந்தா வீட்டுச் சாமானை எல்லாம் அடுக்கிக் கவுக்குது. ஒரு எழுத்து ஒழுங்கா எழுதத் தெரியலை,” என்று பெரிய டீச்சர் அறையில் குரலை உயர்த்திவிட்டார். அவர் பெண்ணுக்கு வகுப்பில் பெயர் வாலு. வால் இல்லாத குறை ஒன்றுதான்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. கறார்க்காரர். “பருவக் கடைசியில பெத்தவங்க வந்து உட்காரட்டும். நீங்க வடிவப் பாடம் நடத்துங்க. சுவத்துல படம் இருக்கே, ரெண்டு முக்கோணம் சேர்ந்தா ஒரு சதுரம், அதைப் பிள்ளைங்க செஞ்சு காட்டட்டும். நல்லா வந்தா வகுப்பு உங்களுக்கு. இல்லைன்னா பழையபடி மாப்புக் கட்டைதான். மனசுல வெச்சுக்காதீங்க, எனக்கும் பள்ளிக்கூடம் நடக்கணும்,” என்றார்.

அதைக் கேட்டுவிட்டு வந்த அண்ணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆயாவாக இருந்தவரை அவருக்கு ஒரு ஆசையும் கிடையாது. வகுப்பில் உட்கார்ந்த பிறகு, அந்த இடத்தை விட்டு எழுந்து போவதை நினைக்கவே அவரால் முடியவில்லை. “துடைக்கறது எனக்குக் கேவலமில்லம்மா. அதுங்க கண்டுபிடிக்கிற நேரத்துல நான் வெளிய வாளியோட நிப்பேனே, அதான்,” என்றார். வேறெதற்கோ கோபப்படுவதுபோல அடுப்படியில் இரண்டு பாத்திரத்தை உருட்டினேன்.

ஒரு பெட்டிக் கட்டை அத்தனை பிள்ளைகளுக்கும் எப்படிப் போதும்? அண்ணனும் நானும் ஒரு செருப்புப் பட்டறையில் வேலை. அண்ணன் ரப்பர் ஷீட் வெட்டுவார், நான் வார் ஒட்டுவேன். வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். மெத்து மெத்தென்று, ஒரு பக்கம் பளிச்சென்ற நிறம், மறு பக்கம் சாம்பல். “அதுல ஆளுக்கு ரெண்டு முக்கோணம் வெட்டிக் குடுங்க. செவப்புல கொஞ்சம், நீலத்துல கொஞ்சம். கட்டத்தை மூலைக்கு மூலை வெட்டினாப் போதும்,” என்று அண்ணி கேட்டார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். கையில் பட்டறை வேலை குவிந்திருந்ததால் அண்ணன் வெட்டி முடித்ததே அந்தக் காலையில்தான். சாக்கை என் தோளில் ஏற்றி அனுப்பினார். வழியில் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் போய்ச் சேர்ந்தபோது பெற்றவர்கள் வந்து குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அலுவலக அட்டை அப்பா முன்வரிசையில். பெரிய டீச்சர் கதவோரம் நின்றார். அண்ணி துண்டுகளைப் பகிர்ந்தார். பாதிப் பேருக்கு இரண்டிரண்டு சிவப்பு, மற்றவர்களுக்கு இரண்டிரண்டு நீலம். “ரெண்டைச் சேர்த்தா என்னவா ஆகும்?” என்றார். கைகள் அக்குளுக்குள் போயின.

பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு ஆரம்பித்தன. ஒட்டினார்கள், திருப்பினார்கள். சாய்ந்த பெட்டி வந்தது. “வழுக்கி விழுந்த வீடு!” என்றது ஒரு குரல். நீளப் பெட்டி வந்தது. “கதவு! கதவு!” சதுரம் மட்டும் வரவில்லை. ஒரு பிள்ளை இரண்டு கதவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அதுவும் குண்டாகப் போனதே தவிர சதுரமாகவில்லை.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. அண்ணன் சதுரத்தை வெட்டவே இல்லை. செருப்பு வெட்டுகிறவருக்கு ஒரு துண்டு வீணானாலும் உயிர் போகும். குவியலில் கிடந்தது எல்லாம் நீளத் துண்டுகள். அதைச் சதுரமாக்கினால் ஓரம் வீணாகுமே என்று, நீளத் துண்டையே மூலைக்கு மூலை வெட்டித் தள்ளியிருக்கிறார். முக்கோணம் என்றால் முக்கோணம்தானே என்று எண்ணியிருப்பார் மகாராசன். ஓரம் மிஞ்சியது, மானம் போயிற்று. இந்தத் துண்டுகளில் எந்த இரண்டைச் சேர்த்தாலும், இன்னும் நூறு வருஷம் திருப்பினாலும், சதுரம் வராது.

அண்ணியின் காதருகே போய்க் குனிந்தேன். “அண்ணி, அண்ணன் குடியைக் கெடுத்துடுச்சு. நீளத் துண்டுல வெட்டியிருக்கு. அலமாரி மேல இருக்கற மரப்பெட்டியை எடுத்துட்டு வரட்டுமா?”

அண்ணியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அலமாரியைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். “கையில இருக்கறதைப் பிடுங்கினா, அதுங்க செஞ்சது தப்புன்னு ஆயிடும்மா,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகவே சொன்னார். “கண்ணுங்களா, இதுல ரெண்டு வெச்சா சதுரம் வராது. வெட்டும்போதே மாறிப்போச்சு. வேற எப்படி வெச்சா வரும்னு எனக்கும் தெரியாது. தேடிப் பார்ப்போமா?”

முன்வரிசையில் ஒரு கனைப்பு. “டீச்சருக்கே தெரியாதாம்,” என்றார் அலுவலக அட்டை, பக்கத்து நாற்காலியிடம். ‘டீச்சருக்கே’ என்பதில் அவர் கொடுத்த அழுத்தத்துக்கு அவரைப் படியில் உருட்டிவிடலாமா என்று இருந்தது எனக்கு. பெரிய டீச்சர் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். அது அதைவிட மோசம்.

அண்ணியின் விரல்கள் அக்குளுக்குள் துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இருந்தும் வெளியே வரவில்லை.

வாலு இதில் எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பக்கத்தில் இருந்த குண்டுப் பையன் இரண்டு தடவை பிடுங்கிவிட்டான். அவனுக்குப் பெயர் தொப்பை. வாலு மூடியைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிக் கோட்டை கட்ட முடிவு செய்தாள். தன் நீல முக்கோணங்கள் போதாமல் அடுத்தவளிடமும் இரண்டு பறித்தாள். பிறகு தொப்பையிடமும் அவன் பக்கத்துக்காரனிடமும் கெஞ்சிக் கூத்தாடிச் சிவப்பு வாங்கினாள். ஒரு நீலத்தையும் ஒரு சிவப்பையும் ஒட்டி ஒரு கதவு. நீலம் அவளுடையது, அதனால் அது மூடிப் பக்கம். சிவப்பு கடன், அதனால் வெளிப்பக்கம். ஒரு கதவை மேலே வைத்தாள். அதன் முனையில் முட்டுகிற மாதிரி அடுத்ததைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாள். அடுத்தது கீழே. கடைசிக் கதவு உள்ளே போகுமா என்று நானே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அளந்து வைத்த மாதிரிப் போய் உட்கார்ந்தது. நடுவில் மூடி இருக்கிற அளவுக்கு ஒரு சின்னச் சதுர ஓட்டை.

“இனி யாரும் எடுக்க முடியாது,” என்றாள்.

அவளைச் சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை எழுந்து நின்று, மேலிருந்து பார்த்து, “ஏய், பெரிய கட்டம்!” என்று கூவியது. ஆமாம். நாலு பக்கமும் ஒரே அளவு. சதுரமே வராது என்று நான் சத்தியம் செய்யவிருந்த துண்டுகளில், பெரிய சதுரம், வயிற்றுக்குள் ஒரு குட்டிச் சதுரத்தோடு. பெரிய டீச்சர் கதவோரத்தை விட்டு இரண்டடி உள்ளே வந்துவிட்டார்.

அத்தோடு நின்றிருந்தால்கூட அண்ணி பிழைத்திருப்பார். ஆனால் தொப்பைக்குப் பொறுக்கவில்லை. “என் செவப்பைக் குடு!” என்றான். குடுக்க மாட்டேன் என்றாள். அவன் பக்கத்துக்காரனும் சேர்ந்துகொண்டான். சண்டைக்குள் இரண்டு பேரும் மூலையில் இருந்த சிவப்புகளை இழுக்க ஆரம்பித்தார்கள். ஒரு மூலை போயிற்று. “அய்யோ, தடுங்க அண்ணி!” என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தனை பேர் பார்க்கச் சதுரம் கண்ணெதிரே கலைகிறது. இன்னொரு மூலை போயிற்று. அண்ணி முன்னால் சாய்ந்தார். கை பாதி வெளியே வந்தது. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே செருகிக்கொண்டார். மிச்சம் இருந்த சிவப்புகளும் போயின.

வாலு அழ வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

நாலு மூலையும் போன இடத்தில், நீலத்தில், ஒரு சதுரம் இருந்தது. முழுசாக. ஓரம் ஒன்றுகூடக் குறையாமல். கொஞ்சம் சாய்ந்து நின்றது, அவ்வளவுதான். யாரோ பெரிய சதுரத்துக்குள் அதைத் திருப்பி வைத்து ஒளித்திருந்த மாதிரி. நடுவில் மூடி அசையாமல் இருந்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமுவது கேட்டது.

“உள்ளயே இன்னொன்னு இருந்துச்சு,” என்றாள் வாலு, மெல்ல. “அப்பவே இருந்துச்சு!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அந்தத் துண்டுகள் எங்கள் பட்டறைக் குப்பையில் எத்தனை காலம் என் காலடியில் கிடந்தவை! செருப்புக்கு ஆகாது என்று நான் எட்டி உதைத்துத் தள்ளியவை. அதற்குள் இப்படி ஒன்று குடியிருந்ததா? நாங்கள் பார்க்காவிட்டாலும் அது அங்கேயேதான் இருந்திருக்குமா? ஒரு பெரிய இடத்துக்குத் தெரியாமல் வந்து நிற்கிறவள் மாதிரி எனக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது.

அலுவலக அட்டை எழுந்து வந்தார். கால்சட்டையின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் முட்டி போட்டார். அட்டை தரையில் உரசியது. சாய்ந்து நின்ற சதுரத்தை நேராக்கலாம் என்று கையை நீட்டினார். வாலு பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

“தொடாதீங்கப்பா. ஆயாவே தொட மாட்டாங்க.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். ஒரு நொடி எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். பிறகு மகளைப் பார்த்து, ரொம்பத் தாழ்ந்த குரலில், “இன்னொரு தடவை செய்வியாடா? அப்பாவும் பார்க்கறேன்,” என்றார். வாலு, பெரிய மனசு பண்ணி, தொப்பையிடம் மறுபடியும் சிவப்பைக் கடன் கேட்கப் போனாள். அதற்குள் அறை முழுக்கக் கோட்டை எழும்ப ஆரம்பித்துவிட்டது. சிலருக்கு வந்தது, சிலருக்குக் காற்றாடி மாதிரி எங்கோ போனது. அப்பா அம்மாக்கள் ஒவ்வொருவராக நாற்காலியிலிருந்து நழுவித் தரைக்கு வந்தார்கள்.

பெரிய டீச்சர் அண்ணியிடம் வந்தார். “இது வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் கண்ணாலேயே மன்றாடினேன். ஒரு வார்த்தை. வகுப்பு கைக்கு வந்துவிடும்.

“இல்லீங்க. எனக்கும் இப்பத்தான் தெரியும்,” என்றார் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரித்தார். “இன்னும் உடம்பு சிலிர்ப்பு அடங்கலை.”

பெரிய டீச்சர் ‘ம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெற்றவர்களை வழியனுப்பப் போய்விட்டார். அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் போனார்கள். வாலு மூடியை விட்டுவிட்டுப் போனாள். அது காவலுக்கு இருக்கட்டுமாம். நான் துண்டுகளைச் சாக்கில் அள்ளினேன், நடுவில் இருந்த அந்த நீலச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டு. அண்ணி வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, பழக்கத்தில், மாப்புக் கட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். சதுரத்துக்குக் கிட்டே வந்ததும் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனார்.

படியில் காலடிச் சத்தம். பெரிய டீச்சர் வாசலில் நின்றார், கையில் சாவிக்கொத்து.

“டீச்சர், அதை அப்படியே விடுங்க. துடைக்கறதுக்கு நாளையிலருந்து வேற ஆள் வருவாங்க. அந்தச் சதுரத்தை மிதிச்சுடாதீங்கன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லி வைங்க.”

அண்ணி திரும்பிப் பின்னால் பார்த்தார், எந்த டீச்சரைக் கூப்பிடுகிறார் என்று. பின்னால் சுவரும் படமும்தான் இருந்தன.

“உங்களைத்தான் அண்ணி,” என்றேன்.

அண்ணி மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார். காலியான கைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவற்றை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, அழ ஆரம்பித்தார்.